"அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி" - கடைக்காரர் கற்க வேண்டிய பாடம்



விளக்கு வைக்கும் நேரம், கடையில் கூட்டம். பழகிய வாடிக்கையாளரின் மகன், பன்னிரண்டு வயதுப் பையன், அரைக் கிலோ சர்க்கரை கேட்கிறான். கூடவே, "அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி. கணக்கில் எழுதிக்கச் சொன்னார்" என்கிறான். குடிக்கப் போவது அப்பாதானே என்று சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 6ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாத எவருக்கும் இப்பொருட்களை விற்கக் கூடாது. பெரியவருக்காக வாங்கினால் பரவாயில்லை என்ற விலக்கு அதில் கிடையாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்கக் கூடாது.

இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். "இவ்வளவுதானே" என்று அலட்சியம் வேண்டாம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவு, மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஒரு கட்டு பீடியில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு? எண்ணிப் பாருங்கள்.

வாங்கியவர் சிறுவர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பும் விற்றவர் மீதே விழுகிறது. "பார்க்கப் பெரிய பையனாகத் தெரிந்தான்" என்பது பதிலாகாது.

கடையில் செய்ய வேண்டியவை

1. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற அறிவிப்புப் பலகையை, 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுக்குக் குறையாமல், தமிழில், கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

2. பீடி, சிகரெட்டை மிட்டாய் பாட்டில்களின் பக்கத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உள்தட்டில் வையுங்கள்.

3. 18 வயது நிரம்பாதவரை அவற்றை விற்கவோ எடுத்துத் தரவோ விடக் கூடாது. விடுமுறையில் கல்லாவில் உட்காரும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

4. ஐயம் வந்தால் அடையாள அட்டை கேளுங்கள். அட்டை இருப்பது மட்டும் போதாது, பிறந்த தேதியைப் படியுங்கள். சிறிய கியரில்லா வண்டிக்கு 16 வயதிலேயே ஓட்டுநர் உரிமம் உண்டு. நடப்பு ஆண்டில் 18ஐக் கழித்து, வரும் ஆண்டைக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்தால், கடைப் பையனும் தடுமாறமாட்டார்.

மறுப்பது எப்படி?

பையனை அதட்ட வேண்டாம். அவன் மேல் தவறில்லை. "தம்பி, இதை உன்னிடம் தர முடியாது, அப்பாவையே வரச் சொல்லு" என்று சர்க்கரையை மட்டும் கொடுத்தனுப்புங்கள். அப்பா கோபமாக வந்தால் பலகையைக் காட்டி, "அண்ணே, உங்க பையனுக்காகத்தான்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்ற கவலை நியாயமானதே. ஆகவே ஒரு தெருவில் உள்ள கடைக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி, ஒரே முடிவாக நிற்க வேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்காது என்றால் எவர் வியாபாரமும் கெடாது.

இன்று தந்தைக்கு வாங்கிப் போகும் கை, நாளை தனக்கென்று நீளும். அதற்கு நம் கடை வழியாக வேண்டாம்.