நாணயச்சாலை விலைப்பட்டியலை வாசிக்கும் முறை

பழைய வெள்ளி நாணயத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பேணும் குடும்பங்கள், அதனுடன் வந்த விலைப்பட்டியல் தாளைப் பெரும்பாலும் எறிந்துவிடுகின்றன. நாணயம் எது என்பதற்கு அந்தத் தாளும் ஒரு சான்று என்பதால், அதை வாசிக்கும் முறையை இங்கே காண்போம்.

நாணயச்சாலை விற்கும் நினைவு நாணயம் ஒன்றுக்கு முகமதிப்பு, உலோக மதிப்பு, விற்பனை விலை என மூன்று மதிப்புகள் உண்டு. 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு வெளியான பத்து ரூபாய் நாணயத்தின் எடை 15 கிராம். அதில் 80 விழுக்காடு வெள்ளி. அதாவது 12 கிராம். 2023இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பையொட்டி வெளியான 75 ரூபாய் நாணயம் 35 கிராம். அதில் பாதியே வெள்ளி. அதன் விற்பனை விலை ஆயிரங்களில் அமைந்தது. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது எழுபத்தைந்து ரூபாய்தான். வெள்ளிக்காக உருக்கலாம் என்றால், 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி அது குற்றம்.

அடுத்துக் காண வேண்டியது தரம். ஒரே நாணயம் புழக்கத்திற்கு விடப்படாத சாதாரணத் தரத்திலும், மெருகேற்றிய அச்சுகளால் கண்ணாடிபோல் அடிக்கப்பெறும் ‘புரூஃப்’ தரத்திலும் பட்டியலில் இடம்பெறும், விலையும் வேறுபடும். பளபளப்புக்காகப் புளியிட்டுத் தேய்ப்பவர்கள் அந்த வேறுபாட்டை ஒரே நாளில் அழித்துவிடுகிறார்கள்!

பலரும் அறியாதது ஒன்றுண்டு. பம்பாய் நாணயச்சாலை பழைய அச்சுகளைக் கொண்டு பிரிட்டிஷ் இந்திய நாணயங்களைச் சேகரிப்பாளருக்காகப் புரூஃப் தரத்தில் மீண்டும் அடித்துக் கொடுத்து வந்தது. 1970இல்தான் அவ்வழக்கம் நின்றது. ஆகவே விக்டோரியா அரசியின் உருவமும் 1862 என்ற ஆண்டும் கொண்ட புரூஃப் நாணயம், உண்மையில் இருபதாம் நூற்றாண்டில் அடிக்கப்பட்டதாக இருக்கலாம். அது போலியன்று, அசல் நாணயச்சாலையின் படைப்பே. எனினும் அக்காலத்து நாணயத்தின் விலை அதற்குக் கிடைக்காது. நாணயத்தில் பொறித்த ஆண்டு வேறு, அதை வாங்கிய ஆண்டு வேறு என்பதைக் காட்டக்கூடியது அந்தப் பழைய தாளே.

பதக்கங்களும் நாணயச்சாலைகளில் அடிக்கப்படுகின்றன; அவற்றுக்கு முகமதிப்பு கிடையாது. இராமர் பட்டாபிஷேகக் காட்சியும் 1818 என்ற ஆண்டும் கொண்ட ‘கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம்’ சந்தையில் உலவுகிறது. கம்பெனி அத்தகைய நாணயத்தை வெளியிட்டதே இல்லை. அதைப் பல இலட்சம் பெறும் என்று சொல்பவரிடம் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

பழைய நாணயங்களை விற்றுத் தருவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணமும் வரியும் கேட்போர் குறித்து அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. இவ்வகை வாங்கல் விற்றலில் அது ஈடுபடுவதில்லை. தன் பெயரில் கட்டணம் பெற எவருக்கும் அதிகாரம் அளிக்கவுமில்லை. முன்பணம் கேட்டு அழைப்பு வந்தால் எதையும் செலுத்த வேண்டா. செலுத்திவிட்டிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணிலும் தங்கள் கிளையிலும் தெரிவிக்க வேண்டுகிறோம்.