பாசியின் மரபணு கற்பிக்கும் பாடம்

நெல் வயலில் தூவும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தருவதை அறிவீர்கள். அனபீனா என்னும் பாசியின் இழையில் ஏறத்தாழ 10 முதல் 20 செல்களுக்கு ஒன்றே இப்பணியைச் செய்கிறது. அந்தச் சிறப்புச் செல்லை உருவாக்கும் மரபணு எது?

பம்புசெட்டில் ஒரு பாகத்தைக் கழற்றி, எந்த வேலை நிற்கிறது என்று பார்ப்பதுபோல்தான் இதையும் கண்டறிந்தனர். ஈ.கோலி என்ற பாக்டீரியாவின் வழியாக அனபீனாவுக்குள் மரபணுவைச் செலுத்தும் முறை 1984-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 1991-இல் 'ஹெட்-ஆர்' மரபணு அடையாளம் காணப்பட்டது. அது பழுதான பாசியில் சிறப்புச் செல்கள் தோன்றவில்லை. நல்ல மரபணுவைச் செலுத்தியதும் மீண்டும் தோன்றின.

நீரில் தழைச்சத்து குறைந்தால்தான் இம்மரபணு முழுவீச்சில் வேலை செய்யும். யூரியா மிகுந்த நீரில் பாசி சோம்பிவிடும். எனவே, நட்ட 10-ஆம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ பாசியைத் தூவி, நீர் வற்றாமல் காத்திடுங்கள். அச்சமயத்தில் யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள்; பல தவணைகளாகப் பிரித்து இடுங்கள். பாசியும் உழைக்கும், உரச் செலவும் குறையும்.