மீனின் வயதும் மாதிரிக் கணக்கும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானையில் உள்ள அரிசி ஒருசேர வேகின்றது. ஆதலின் ஒரு பருக்கையே முழுமைக்கும் சான்றாகும். கடலோ அத்தகையதன்று. அங்கே குஞ்சுகள் ஓரிடத்தும், முதிர்ந்த மீன்கள் வேறோரிடத்தும் திரிவதுண்டு. அவற்றுள் இளையன எத்துணை, முதியன எத்துணை என்று அறிவது எங்ஙனம்?

மீனின் செதிலிலும் செவிக்கல்லிலும், மரத்தில் காண்பன போன்ற வளையங்கள் உள்ளன. குளிர்நாட்டுக் கடல்களில் குளிர்காலத்தே வளர்ச்சி குன்றுவதால், அவை ஆண்டுக் கணக்கைத் தெளிவாகக் காட்டும். நார்வே நாட்டு அறிஞர் யோகான் யோர்ட், ஹெரிங் மீன்களின் செதில்களை ஆராய்ந்தார். 1904-இல் பிறந்த ஒரே தலைமுறை பல ஆண்டுகள் மீனவர் வலைகளை நிரப்பியது என்பதை 1914-இல் எடுத்துக்காட்டினார். நம் வெப்பக் கடல்களில் வளையங்கள் பெரும்பாலும் அத்துணைத் தெளிவாக இரா. ஆதலின், திங்கள்தோறும் மீன்களின் நீளத்தை அளந்து, அவற்றின் வளர்ச்சியைக் கணிக்கும் முறையும் இங்குக் கையாளப்படுகின்றது.

எம்முறையாயினும், மாதிரி பழுதுற்றால் முடிவும் பழுதுறும். சென்னை ஆதம்பாக்கத்து மீன்கடை ஒன்றில் உள்ளவற்றை மட்டும் அளந்து, வங்கக்கடலின் நிலையை உரைத்தல் இயலாது. கடைக்கு வருமுன்பே மீன்கள் தரம் பிரிக்கப்படுகின்றன. எனவே, மீன் இறங்குதுறையிலேயே, பிரிக்கப்படுமுன் மாதிரி எடுத்தல் வேண்டும். அங்கும் ஒரு வகை வலையை மட்டும் நம்பலாகாது. பெரிய கண்ணுடைய செவுள்வலையில் சிறுமீன் தப்பிவிடும். சிறிய கண்ணுடைய இழுவை மடியில் அதுவும் அகப்படும். காசிமேட்டு விசைப்படகும் பட்டினப்பாக்கத்துக் கண்ணாடியிழைப் படகும் ஒரே வகை மீனைக் கொணர்வன அல்ல.

1947-இல் சென்னையில் தொடங்கப்பெற்றது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். பிடிபடும் மீனின் அளவை அறிய அந்நிலையம் ஒரு முறையை வகுத்தது. அதன்படி கடற்கரை பல மண்டலங்களாகப் பகுக்கப்படும். காலம் திங்கள்களாகப் பகுக்கப்படும். எத்துறைக்கு எந்நாளில் செல்வது என்பது, விருப்புவெறுப்புக்கு இடமின்றிக் குலுக்கல் போன்ற முறையால் முடிவாகும். படகுகள் பலவாயின், அவற்றுள்ளும் சிலவே அவ்வாறு தேர்ந்தெடுக்கப்படும். வயதை அறிய மாதிரி எடுப்போர்க்கும் இந்நெறி பொருந்தும்.

செவிக்கல்லை ஆராய்தல் உழைப்பு மிகுந்த பணி. ஆதலின் பல மீன்களின் நீளத்தை அளப்பர். ஒவ்வொரு நீள வகுப்பிலிருந்தும் சிலவற்றின் செவிக்கல்லை மட்டும் ஆராய்வர். கண்மூடி எடுப்பின், மிகுதியாக உள்ள நடுத்தர மீன்களே கைக்கு வரும்; அருகிய முதுமீன் விடுபட்டுப் போகும்.

இளமீன்கள் மிகுந்து காணப்பட்டால், முதுமீன்கள் அளவின்றிப் பிடிக்கப்பட்டன எனக் கருதலாம். குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்த நல்லாண்டாகவும் அஃது இருக்கலாம். ஆண்டுதோறும் ஒரே நெறியில் மாதிரி எடுத்தாலன்றி உண்மை புலப்படாது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீனவர்தம் வருவாயை மறுக்கும் இத்தகைய விதி எதுவும் உண்மைக் கணக்கின்மேல் நிற்றல் வேண்டும். கணக்குப் பிழைத்தால், ஒன்று உழைப்பவர் வீணே வருந்துவர். அன்றேல் கடல் வறிதாகும். நடுநிலையோடு எடுத்த கைப்பிடி மாதிரியே இவ்விரு கேட்டையும் தவிர்க்க வல்லது.