பட்டணத்தில் கிடைக்கும் நம் ஊர்ச் சொல்

கிஸ்தி, வசூல், ஜப்தி, ஜமாபந்தி என்னும் சொற்களை அறியாத உழவர் சேலம், நாமக்கல் சமவெளியில் இலர். அரசு 'வருவாய்த் தீர்வாயம்' என நல்ல தமிழில் அறிவித்தாலும் ஊரார் 'ஜமாபந்திக்குப் போனோம்' என்றே கூறுவர். இவை அரபு, பாரசீக மூலமுடையன. இவை எவ்வழியே நம் களத்துமேட்டை வந்தடைந்தன என ஆராயப் புகும் மாணவர்க்குச் சென்னைப் பயணம் இன்றியமையாதது.

இராசிபுரம் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இப்பொருளில் ஆய்வேடு எழுதப் புறப்படுகிறார் எனக் கொள்வோம். துறைத்தலைவரின் கடிதத்தோடு அவர் முதலில் அடைய வேண்டிய இடம் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்குப் பலர் இடறுவது ஊர்ப்பெயரில்தான். நாமக்கல் மாவட்டம் தோன்றியது 1997-இல். ஆதலின் பழைய தாள்களைச் சேலம் என்னும் தலைப்பில் தேடல் வேண்டும். அதுவும் போதாது. நாமக்கல் வட்டம் 1910-இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டுச் சில காலம் அங்கிருந்தது. இன்னும் பின்னே சென்றால் நம் சமவெளிக்குத் 'தாலகாட்' என்று பெயர்.

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறின. ஆள்வோர் மாறினர், கணக்குச் சொற்கள் மாறவில்லை. அலெக்சாண்டர் ரீடும் அவர்தம் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தபோது பழைய சொற்களையே கையாண்டனர். அக்கால எழுத்துகள் 'பாராமகால் ஆவணங்கள்' என்னும் தொகுதிகளாகச் சென்னையில் 1907 முதல் அச்சேறின. ஆங்கில எழுத்தில் உருத்திரிந்து கிடக்கும் நம் சொற்களை அவற்றினின்று மீட்டெடுத்தல் தமிழ் மாணவர்க்கே கைவரும் வேலை எனலாம்.

பசலி ஆண்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'பஸ்ல்' என்னும் அரபுச் சொல் பருவத்தைக் குறிக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அவ்வாண்டு தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1202 என்பது 1792-இன் நடுவில் தொடங்கியது. இதனை அறியாதார் ஆய்வு ஆறு நூற்றாண்டு பின்னே போய்விடும்!

ஊர் சுற்றிப் பார்த்தல் ஆய்வுக்கு இடையூறு என யாம் கருதவில்லை. மெரினாவைக் காணச் செல்வோர் எதிரேயுள்ள சேப்பாக்கம் மாளிகையையும் நின்று நோக்குக. 1768-இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா எழுப்பியது அது. கடைசி நவாப் 1855-இல் மறைந்தபின் அரசு அதனைக் கைக்கொண்டது. வருவாய் வாரியம் அங்கு அமர்ந்தது. பாரசீகம் வழங்கிய அரசவையின் இடத்திலேயே ஆங்கிலேயர் வரிக்கணக்குப் பார்த்தனர். நாம் தேடும் சொற்களின் வரலாறு அச்சுவரிலேயே நிற்கிறது. 2012-இல் தீயால் சிதைந்த அதன் கலச மகால் பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்றது. 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலும் அருகே திருவல்லிக்கேணியில் உண்டு.

தீவுத்திடல் பக்கம் 1839-இல் நிறுவிய மன்றோ சிலையில் குதிரைக்கு அங்கவடி இல்லை என்பதையே எல்லாரும் வியந்து படமெடுப்பர். அவர் வரித்தொழில் பயின்றது 1792 முதல் 1799 வரை நம் பக்கத்தில் என்பது நம் மாணவர்க்குப் பெரிது. அவர் பெயரோடு ஒட்டிய ரயத்துவாரி முறையிலும் குடியானவரைக் குறிக்கும் அரபுச் சொல்லே உள்ளது.

ஊர் திரும்பிய மாணவர்க்கு இன்னும் ஒரு சான்று வேண்டும். அது நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகிறது. பசலி எண்ணிட்ட பழைய கிஸ்தி ரசீதுகளை வைத்திருக்கும் பெரியவர்கள் அன்புகூர்ந்து தமிழ்த்துறைக்குக் காட்டுவார்களாயின், படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.