எலும்புக்கூடு வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய எஸ்யூவிகளுக்கு எதிராக நீ எடுக்கப்போகும் விளம்பரப் படத்தின் காட்சிக்குறிப்பைப் படித்தேன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை அலை விழுங்குகிறது. கரையில் ஒரு கறுப்பு எஸ்யூவி புகை கக்குகிறது; ஸ்டியரிங்கில் எலும்புக்கூடு. காட்சி மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளூர்க்காரர் யாரும் மிரள மாட்டார். 2004 சுனாமிக்கே அந்தக் கோயில் நின்றதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இந்த வழியில் உனக்கு முன்பே போனவர்கள் உண்டு. 2003 ஜனவரியில் அமெரிக்காவில் பத்தி எழுத்தாளர் அரியானா ஹஃபிங்டனும் நண்பர்களும் ‘டெட்ராய்ட் புராஜெக்ட்’ என்று விளம்பரங்கள் எடுத்தார்கள். பெரிய வண்டிக்கு நீ போடும் பெட்ரோல் பணம் பயங்கரவாதி கைக்குப் போகிறது என்பதே சேதி. போதைப்பொருளைப் பற்றி அரசு காட்டிய இதே மாதிரி பூச்சாண்டியைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டார்கள். சில தொலைக்காட்சிகள் ஒளிபரப்ப மறுத்தன. அதனாலேயே ஊரெல்லாம் பேச்சு. பேச்சோடு சரி. பெரிய வண்டி விற்பனை சரிந்தது 2005 வாக்கில் பெட்ரோல் விலை ஏறியபோதுதான்.

பயமுறுத்தல் பலிக்காததற்குக் காரணம் எளிது. பெரிய வண்டி வாங்குகிறவர் பயந்துதான் வாங்குகிறார். ஈசிஆரில் ராத்திரி ஹைபீம் போட்டு எதிரே வரும் பஸ், ஜிஎஸ்டி ரோட்டில் உரசும் கன்டெய்னர் லாரி, மழைக்காலப் பள்ளம். “கனமா, உயரமா இருந்தா பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு” என்பது அவர் கணக்கு. அவரிடம் இன்னொரு பயத்தைக் காட்டினால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

செங்கல்பட்டுப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் செய்த எகோஸ்போர்ட் 2018இல் அமெரிக்காவிலேயே விற்பனைக்கு வந்தது. 2022இல் ஆலை நின்றது, வேலை போனது. மகிந்திரா சிட்டியில் இன்றும் எஸ்யூவிகளை உருவாக்கும் ஆய்வு மையம் இருக்கிறது. இங்கே பலருக்கு அந்த வண்டிதான் சோறு. உன் எலும்புக்கூடு அவர்களுக்குச் சொந்த மாமாவாகத் தெரியும்.

எலும்புக்கூட்டுக்குப் பதிலாக, மே மாத மதியம் மாமல்லபுரம் ஐந்து ரதம் பார்க்கிங்குக்குப் போ. குடும்பம் ரதம் பார்க்கப் போயிருக்கும். டிரைவர் ஏசியைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். ஏசித் தண்ணீர் சொட்டி வண்டிக்கடியில் மண் குழைந்திருக்கும். கேமராவை அங்கே வை. எரியும் டீசலைத் திரையோரத்தில் ரூபாயாக ஓடவிடு, முதலாளிக்கு உறைக்கும். டிரைவரை மட்டும் கேலி செய்யாதே, அந்த வெயிலில் அவர் வேறெங்கே போவார்?

ரூபாயைக் கூட்டிக் காட்டாதே. ஒரு பைசா பொய் என்று தெரிந்தாலும் மொத்தப் படமும் போச்சு. நல்ல மெக்கானிக்காகப் பார்த்து, நின்ற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துகொள். அளந்த கணக்கை எனக்கு அனுப்பு, அப்புறம் படமெடுக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்