தனியாக ஒரு வீடு, நிம்மதியாக ஒரு தூக்கம்

வேலைக்காக முதல்முறை தனி வீடு எடுத்திருக்கிறீர்களா தோழிகளே? என் மகள் சென்னையில் வீடு எடுத்த முதல் வாரம், ராத்திரி 2 மணிக்கு போன் அடித்து, "அம்மா, ஏதோ சத்தம் கேக்குது" என்பாள். அப்போது இரண்டு பேருமாகப் பேசிப் பேசிச் சேர்த்த குறிப்புகள் இவை. பெரிய செலவு எதுவும் கிடையாது.

1. குடிபோன அன்றே வாசல் பூட்டை மாற்றுங்கள். முன்பு இருந்தவர், தரகர், பெயின்ட் அடிக்க வந்தவர் என்று யார் யாரிடம் சாவி இருக்கிறதோ! வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றி, பழைய பூட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்; காலி செய்யும்போது அதையே மாட்டிவிட்டு, உங்கள் பூட்டை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

2. தாழ்ப்பாள் புதிதாக இருந்தாலும் திருகு குட்டையாக இருந்தால் ஓர் உதைக்குத் தாங்காது. கழற்றிப் பார்த்து, இரண்டு அங்குலத் திருகாகப் போடச் சொல்லுங்கள்.

3. கதவில் பார்க்கும் கண்ணாடி இருந்தால், உள்பக்கம் ஒரு சின்ன அட்டையை டேப்பால் ஒட்டித் தொங்க விடுங்கள். வேண்டும்போது தூக்கிப் பார்க்கலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

4. சத்தம்தான் முதல் மாதம் ஆளை வாட்டுகிறது. அதற்கு என் மகள் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதி வைத்தாள்: 11 மணிக்குப் பிரிட்ஜ் உதறுவது, விடிகாலை 4 மணிக்கு மோட்டார் போட்டதும் குழாயில் காற்று இரைவது, பகல் வெயிலில் சூடான தகரக் கூரை ராத்திரி ஆறும்போது படபடப்பது, ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா. பத்து நாளில் எல்லாச் சத்தத்துக்கும் பெயர் வந்துவிட்டது, தூக்கமும் வந்துவிட்டது. பெயர் தெரியாத சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து பாருங்கள்.

5. விளக்கைப் போட்டுவிட்டு ஒருமுறை தெருவில் நின்று உங்கள் ஜன்னலைப் பாருங்கள். திரை வழியே உள்ளே தெரிந்தால், பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்துத் தைத்து மாட்டுங்கள்.

6. வேலை முடிந்து இருட்டிய வீட்டுக்குள் நுழைவதுதான் சங்கடம். 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை எரியவிட்டுப் போங்கள். தினம் 10 மணி நேரம் எரிந்தாலும் 20 நாளைக்கு 1 யூனிட்தான்.

7. தனியாக இருக்கும்போது குளியலறைத் தாழ்ப்பாள் போட வேண்டாம், வாசல் கதவு பூட்டியிருந்தாலே போதும். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க ஆள் இல்லை. போனையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. படுக்கப் போகும் முன் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் வாசல் கதவை நன்றாகத் திறந்து வையுங்கள்.

9. பார்சல் வந்தால் சங்கிலியைப் போட்டுக்கொண்டே கதவைத் திறங்கள், ஓ.டி.பி.யை இடுக்கு வழியாகவே சொல்லலாம். பெட்டியைக் குப்பையில் போடும் முன் பெயரும் போன் எண்ணும் உள்ள தாளைக் கிழித்துவிடுங்கள்.

10. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, ஆம்புலன்ஸுக்கு 108. இவற்றோடு உங்கள் முழு விலாசத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், பதற்றத்தில் புது வீட்டு விலாசம் வாயில் வராது. தமிழ்நாடு காவல்துறை 2022-ல் கொண்டுவந்த 'காவல் உதவி' செயலியும் போனில் இருக்கட்டும்.

11. மாற்றுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். பழகிப் பார்த்துப் பிடித்துப்போன பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து ஆரம்பித்தால் அந்தப் பழக்கம் தானாக வளரும்.

12. தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். "சாப்பிட்டேன்" என்ற ஒரு சொல் போதும். அது வராத அன்றைக்கு ஊரில் இருப்பவர்கள் யாரை அழைப்பார்கள்? பக்கத்து வீட்டு எண்ணை இன்றைக்கே அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள்.