விதை காயவைக்கும் முற்றம்: மேடுபள்ளமான காரைத்தரையில் கடப்பாக்கல் பதிப்பது எப்படி?

நிலம் ஊரில், வீடு சென்னையில் என்று வாழும் நம்மில் பலர், நெல்லையும் தினையையும் வீட்டு முற்றத்தில்தான் காயவைக்கிறோம். திருவான்மியூர் போன்ற கடலோர மணல்பூமியில் பழைய கான்கிரீட் முற்றங்களுக்கு அடியில் மணல் இறங்கி, அங்கங்கே பள்ளம் விழுந்திருக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். மேலே காய்ந்தாலும் அந்த இடத்தில் ஈரம் இருக்கும், விதை அதை உறிஞ்சிவிடும். விதைநெல்லுக்கு ஈரப்பதம் 13 சதத்தைத் தாண்டக்கூடாது, சிறுதானிய விதைக்கு 12.

கல் பதிப்பதைவிட அதற்கு முந்திய வேலைதான் அதிகம். முதலில் கடப்பாறையால் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று கேட்டால் அடியில் வெற்றிடம். அந்தத் துண்டை உடைத்து எடுத்து, மணலை நனைத்து இடித்து, புதுக் கான்கிரீட் போட வேண்டும்.

அடுத்து மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப்பில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். கோட்டு மட்டத்தில் நூல் கட்டி, அங்கிருந்து தரைவரை மூன்றடிக்கு ஒரு தடவை அளந்து சாக்பீஸில் எழுதிவிடுங்கள். எண் சிறிதாக உள்ள இடம்தான் உயர்ந்த மேடு. அதை வைத்துத்தான் கல்லின் உயரத்தை முடிவு செய்யணும். கல்லின் மேல்மட்டம் வாசற்படிக்கு மேலே போகிறது என்றால் மேட்டைக் கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுங்கள். வாட்டம் தெருவைப் பார்த்து வேண்டாம், மழைநீர்க் குழியைப் பார்த்து இருக்கட்டும். 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான குழிதானே அது.

இரண்டு அங்குலத்துக்கு மேல் பள்ளமென்றால் சிப்ஸ் ஜல்லிக் கான்கிரீட்டால் முன்கூட்டியே நிரப்பி, ஒரு வாரம் நனையுங்கள். பழைய தரையைக் கொத்திக் கழுவி, சிமென்ட் பால் ஊற்றிய பிறகே நிரப்பணும். “எல்லாத்தையும் கலவையிலேயே சரிக்கட்டிடலாம் சார்” என்பார்கள். ஓரிடத்தில் நாலு அங்குலம், ஓரிடத்தில் அரை அங்குலம் என்று கலவை இருந்தால் அது ஒரே மாதிரி சுருங்காது, கல் விட்டுவிடும். வெறும் மணல் பரப்பி வைப்பதும் மண் தரைக்குத்தான் சரி. கான்கிரீட்டின் மேல் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் மணல் அரித்து, கல் ஆடும்.

கலவை 1-க்கு 5, எம்-சாண்ட். கடற்கரை மணல் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நாலு மூலைக்கு நாலு உருண்டை வைத்துக் கல்லை உட்காரவைக்கும் வழக்கம் உண்டு. மூட்டையைப் பொத்தென்று போட்டால் நடுவில் விரிந்துவிடும். அடி முழுக்கக் கலவை இருக்கணும். பழைய தரையில் விரிசல் ஓடும் இடத்தில் இரண்டு கல்லின் இணைப்பு வருமாறு அடுக்குங்கள், இல்லையென்றால் அதே விரிசல் புதுக் கல்லிலும் வரும்.

பாரம்பரிய ரகம் காப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இணைப்புதான். பள்ளமாக விட்ட இணைப்பில் நேற்றைய மாப்பிள்ளைச் சம்பா தங்கும், நாளைக்குச் சீரகச் சம்பாவோடு கலக்கும். எத்தனை வருஷம் கலப்பு பொறுக்கியும் பிரயோஜனமில்லை. அதனால் மெஷினில் அறுத்த கல் வாங்கி, இணைப்பைக் கல்லோடு கல்லாக மட்டமாகப் பூசச் சொல்லுங்கள். கறுப்புக் கல் உச்சிவெயிலில் கொதிக்கும். விதையைச் சாக்கு விரித்தே பரப்பி, 12-லிருந்து 3 மணிவரை நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

இதையே மொட்டை மாடியில் செய்யலாமா என்று கேட்பார்கள். ஒன்றரை அங்குலக் கல்லும் இரண்டு அங்குலக் கலவையும் சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 19 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதி எடுத்துக்கொள்ளும் பாரமே சுமார் 14 கிலோதான். பொறியாளரைக் கேட்காமல் வேண்டாம்.

பத்து நாள் நனைத்த பிறகு, வீட்டுப் பக்கமிருந்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். எங்கும் நிற்காமல் குழிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கொத்தனாருக்குக் கடைசித் தவணை கொடுக்கலாம்.